சுவரைவிட மெலிந்த சாந்து

நூறு வருடம் தாண்டிய செங்கல் கட்டடம் ஒன்றைப் பழுது பார்க்க வேண்டும் என்றால், நம் ஊரில் எழும் முதல் கேள்வி எத்தனை மூட்டை சிமெண்ட் என்பதுதான். உதிர்ந்து நிற்கும் பழைய காரையைக் கொத்தி எடுப்பார்கள். கெட்டியாக ஒரு சிமெண்ட் பூச்சு ஏறும். முதல் வருடம் சுவர் பளிச்சென்று நிற்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனபின் விரலால் தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கும். பிறகு ஒரு நாள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். தனியாக விழாது, செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். காரைக்குள் ஒரு நூற்றாண்டு கெடாமல் இருந்த செங்கல் அது.

இந்தச் சேதம் ஏன் வருகிறது என்று விளங்கிக்கொள்ள, மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் ஆய்வுத்துறை பல பத்தாண்டுகள் செலவிட்டிருக்கிறது. வேதியியல், கனிமவியல், கட்டடப் பொறியியல், தொல்லியல் எல்லாம் கலந்த துறை அது. அங்கே எட்டப்பட்ட முடிவுகளில் ஒன்று, வலிமைதான் நல்ல கட்டடத்தின் அடையாளம் என்று பழகியவர்களுக்கு முரணாகத் தோன்றும். பழைய சுவருக்கு இடும் சாந்து, அந்தச் சுவரின் கல்லையும் செங்கல்லையும்விட மெலிந்ததாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்பின் வேதியியல் தெரிந்தால் இது புரிந்துவிடும்.

சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் அடிப்படையில் ஒரே பொருள்: கால்சியம் கார்பனேட். பழவேற்காட்டு ஏரியில் அள்ளிய கிளிஞ்சலோ, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லோ, சூளையில் அடுக்கி 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அதில் கட்டுண்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விடும். தூய கிளிஞ்சல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறி, பொடிந்து, நீற்றுச் சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறும். அந்த நீற்றைத் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் மாதக்கணக்கில் ஊறப் போடுவது பழைய கொத்தனார்களின் வழக்கம். ஊறின சுண்ணாம்பு வெண்ணெய்போலக் கரணையில் வழுக்கும். இதற்கான காரணத்தை ஆய்வாளர்கள் 1998-ல் மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். ஊற ஊற, சுண்ணாம்பின் படிகங்கள் சிறுத்து, தட்டையான தகடுகளாகின்றன. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாகச் சறுக்கும். மொத்தப் பரப்பும் கூடுவதால் காற்றோடு வினைபுரியும் வேகமும் கூடும். கை அறிந்திருந்ததற்கு நுண்ணோக்கி விளக்கம் தந்தது.

சுவரில் பூசிய பிறகு கடைசிக் கட்டம். காற்றில் வெறும் 0.04 சதவீதம் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்பு மெல்ல மெல்ல உறிஞ்சி, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெற்றுக் கல்லாகிறது. இந்த வினை வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி நகரும். ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது தோராயக் கணக்கு. போகப் போக இன்னும் மந்தமாகும். இரண்டடி மூன்றடி கனமுள்ள சுவரின் நடுவயிற்றுக்குப் போய்ச்சேர எத்தனையோ வருடங்கள் ஆகும். வினை எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சாந்துத் துண்டு ஒன்றைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். கல்லாகிவிட்ட வெளிப்பகுதி நிறம் மாறாமல் இருக்கும். இன்னும் காரத்தன்மை குறையாத உட்பகுதி சட்டென்று ரோஜா நிறமாகும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லாரும் பார்த்திருக்கும் அதே மருந்துதான்.

சாந்து இறுகும்போது உறிஞ்சுவது அந்தக் காலத்துக் காற்றிலிருந்த கார்பன் என்பதால், அதில் இருக்கும் கார்பன்-14 அளவை வைத்துச் சுவர் கட்டிய காலத்தையே கணிக்க முடியும். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் உள்ள பழைய தேவாலயங்களை இப்படித்தான் காலம் கணித்தார்கள். சூளையில் சரியாக வேகாத சுண்ணாம்புக்கல் துணுக்கு கலந்திருந்தால் கணக்கு உண்மைக் காலத்தைவிட வெகுவாகப் பின்னோக்கி ஓடிவிடும், அதைப் பிரித்தெடுப்பதே அந்த ஆய்வின் பெரும்பாடு. பழங்காரையைக் குப்பையாக வாரிக் கொட்டும்போது ஓர் ஆவணத்தையும் சேர்த்துக் கொட்டுகிறோம்.

இனி சிமெண்ட். 1824-ல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிமெண்ட் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடப்படுகிறது; காற்றுக்காகக் காத்திராமல் தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது; 28 நாளில் எதிர்பார்த்த வலிமைக்கு வந்துவிடுகிறது. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-ல் நம் சென்னையிலேயே நடந்தது. புதிய பாலத்துக்கும் அணைக்கும் மாடிக் கட்டடத்துக்கும் அதைப்போல வேறு பொருள் இல்லை. அதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. பழைய சுவரில் வைக்கும்போதுதான் சிக்கல்.

பழைய கட்டடங்களுக்குத் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. நிலத்தடி நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். ஓதம் ஏறுகிறது என்கிறோமே, அதுதான். சுண்ணாம்புக் காரை முழுக்கத் துளைகள் நிறைந்தது. மேலேறிய ஈரம் காரை வழியாக ஆவியாகி வெளியே போய்விடும். தண்ணீரோடு வரும் உப்பும் காரைக்குள்ளேயே, அல்லது அதன் மேற்பரப்பில், வெள்ளையாகப் பூத்து நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் காரை பொரிந்து உதிரும். பத்திருபது வருடத்துக்கு ஒருமுறை காரையைப் புதுப்பித்தால் போதும், செங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. உப்பின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அழிவதே அந்தக் காரையின் வேலை.

அதே சுவரில் சிமெண்ட் பூசினால், பருத்திச் சட்டை போட்டவர்மேல் மழைக்கோட்டை மாட்டி வெயிலில் நிறுத்தினதுபோல ஆகிவிடும். ஆவிக்கு வழியில்லை. ஈரம் இன்னும் உயரமாக ஏறும்; கிடைத்த இடுக்கு வழியாக வெளியேறப் பார்க்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் உள்ளே படிகமாகும். போதாததற்கு, சிமெண்டே கரையக்கூடிய சோடியம், பொட்டாசியம் சல்பேட்டுகளைக் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கும்.

இந்தச் சோடியம் சல்பேட் மிகவும் பொல்லாத உப்பு. உலர்ந்த நிலையில் அதன் படிகத்தில் தண்ணீர் இருக்காது. ஈரம் பட்டால் ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு வேறு படிகமாக மாறும்; அது முன்பிருந்ததைப்போல் நான்கு மடங்கு இடம் கேட்கும். செங்கல்லின் துளைக்குள் அந்த இடம் ஏது? துளையின் சுவரைப் பிளந்துதான் இடம் பிடிக்கும். ஒரு நிலையிலிருந்து மற்ற நிலைக்கு மாறும் வெப்பநிலை, தண்ணீரில் தோய்ந்திருக்கும்போது, 32.4 டிகிரி. நம் கடலோர ஊர்களில் வருடத்தில் பல மாதங்கள் பகல் அந்தக் கோட்டைத் தாண்டும், இரவு அதற்குக் கீழே இறங்கும். ஈரப்பதமும் அதேபோல் தினமும் ஏறி இறங்கும். ஐரோப்பியக் கட்டடங்கள் பருவத்துக்குப் பருவம் சந்திக்கும் சித்திரவதையை நாகப்பட்டினத்துச் சுவர் நாள்தோறும் சந்திக்கிறது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் வகை வண்ணப்பூச்சுகளை அடுக்கடுக்காக ஏற்றும்போதும் நடப்பது இதுதான். வண்ணம் மேலே பளபளக்கும். உள்ளே சுதை மாவாகிக்கொண்டிருக்கும்.

வலிமைக் கணக்குக்கு வருவோம். சுண்ணாம்புச் சாந்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஓரிரு நியூட்டன் அழுத்தம்தான் தாங்கும். கெட்டியான சிமெண்ட் சாந்து அதைப்போல் பல மடங்கு தாங்கும், சூளையில் சுட்ட பழைய நாட்டுச் செங்கல்லையே மிஞ்சிவிடும். சுவர் என்பது அசையாத பொருள் போலத் தெரிந்தாலும், வெயிலில் விரிகிறது, மழையில் ஊறுகிறது, அடிமண்ணோடு சேர்ந்து இம்மியளவு இறங்குகிறது. சாந்து மெலிந்திருந்தால் அசைவு முழுவதும் சாந்துப் பட்டைகளில் மயிரிழை விரிசல்களாகப் பிரிந்து போகும். மழைநீர் அந்த விரிசலில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, காய்கிறபோது மறுபடி படியவைத்து, விரிசலைத் தானே மூடிவிடும். சாந்து செங்கல்லைவிடக் கடினமாக இருந்தால் உடைய வேண்டியது செங்கல்தான்.

ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் இதே பாடத்தை வேறொரு பொருளில் படித்தது. பண்டைய கிரேக்கச் சிற்பிகள் பளிங்குக் கற்களை இணைத்த இரும்புப் பிடிகளை ஈயத்தால் மூடியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சீரமைப்பில் பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் ஈயமில்லாமல் வெறும் இரும்பைப் பதித்தார். இரும்பு துருப்பிடித்துப் பருத்து, இரண்டாயிரம் வருடம் தாங்கிய பளிங்கைப் பிளந்தது. 1975-ல் அமைந்த வல்லுநர் குழு அந்த இரும்பையெல்லாம் தோண்டி எடுத்துத் துருப்பிடிக்காத டைட்டேனியத்தைப் பொருத்தும் வேலையைத் தொடங்கியது. அதிலும் ஒரு கவனம்: பெரிய பூகம்பம் வந்தால் பளிங்குக்கு முன்பே டைட்டேனியம் வளைந்து கொடுக்கும்படி அதன் தடிமனைக் கணக்கிட்டார்கள். டைட்டேனியத்தை மாற்றிக்கொள்ளலாம், பளிங்கை மாற்ற முடியாது.

ஆக, பழைய கட்டடத்தைத் தொடுவதற்கு முன் அதன் சாந்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். நெல்லிக்காய் அளவுத் துண்டு ஒன்றே ஆய்வகத்துக்கு நிறையச் சொல்லும். ஒரு பகுதியை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து மணல் மிஞ்சும். அந்த மணலைச் சலித்தால் ஆற்று மணலா, எந்தப் பருமன், செங்கல் தூள் சேர்த்திருக்கிறார்களா என்பது தெரியும். இன்னொரு பகுதியைப் படிப்படியாகச் சூடாக்கி எடை குறைவதை அளப்பார்கள். 600 டிகிரிக்கு மேல் குறையும் எடை கார்பனேட்டிலிருந்து வெளியேறும் வாயு. அதற்கு முன்பே குறைவது சேர்ந்திருக்கும் நீர். இரண்டின் விகிதத்தைப் பார்த்து, காற்றில் மட்டும் இறுகிய சாந்தா, செங்கல் தூளோடு வினைபுரிந்து நீரிலும் இறுகக்கூடியதா என்று சொல்லிவிடலாம். எக்ஸ் கதிர்ச் சிதறல் படிகங்களை அடையாளம் காட்டும். இவ்வளவும் தெரிந்தபின் அதற்கு ஒத்த புதுச் சாந்தைக் கலந்து, மாதிரிப் பட்டை பூசி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவதே முறை. சென்னை ஐஐடியில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. இத்தகைய சோதனைகளுக்கு நாம் வெளிநாடு போக வேண்டிய தேவையில்லை.

ஆய்வகத்தில் மிகச் சுவையான பகுதி, சாந்தில் சேர்த்த செடிகொடிச் சரக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணீரில்தான் நம் கொத்தனார்கள் சுண்ணாம்பைச் செக்கில் அரைத்தார்கள். வேலூர் வி.ஐ.டி. உட்படப் பல இடங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். வெல்லத்தின் சர்க்கரை, தண்ணீரில் கரையும் சுண்ணாம்பின் அளவைப் பெருக்குகிறது. குறைந்த தண்ணீரிலேயே சாந்து குழைந்து வருவதால் காயும்போது வெடிப்பு குறைகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து கால்சியத்தோடு சேர்ந்து நீரை ஓரளவு தடுக்கிறது. கரைசல் புளிக்கும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, வெளிக்காற்று எட்டாத சுவரின் உட்பகுதியில் சுண்ணாம்பு கல்லாக உதவுகிறது. அளவு முக்கியம். வெல்லம் மிஞ்சினால் சாந்து இறுகுவதே தள்ளிப்போகும். ‘அந்தக் காலத்துல வெல்லம் போட்டாங்க’ என்று கை போன போக்கில் கொட்டினால் மரபைக் காப்பாற்றினதாகாது. செட்டிநாட்டுச் சுவர்களில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு இன்றும் முகம் தெரிய மின்னுகிறது.

இந்த அறிவு நமக்கு மட்டும் சொந்தமில்லை. சீனத்துக் கோட்டைச் சுவர்களின் சாந்தில் பசையரிசிக் கஞ்சி இருந்ததை செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். அரிசியின் மாவுச்சத்து, கார்பனேட் படிகங்கள் பெரிதாக வளராமல் கட்டுப்படுத்தி நெருக்கமாக அடுக்கவைக்கிறது என்று 2010-ல் எழுதினார்கள். ஹொண்டுராஸ் நாட்டின் கோபான் நகரில் மாயர்களின் சுதை வேலைப்பாடுகள் வெப்பமண்டல மழையில் ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கின்றன. மாயர் வழிவந்த உள்ளூர்க் கொத்தனார்கள் இரண்டு மரப்பட்டைகளைக் காட்டினார்கள். அந்தப் பட்டைச் சாற்றோடு ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்ணாம்பைக் கலந்து பார்த்தபோது, கிளிஞ்சல் தன் ஓட்டைக் கட்டும் விதத்தை ஒத்த படிகங்கள் உருவாயின. 2023-ல் வெளியான ஆய்வு அது. அதே வருடம் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், ரோமானியக் கான்கிரீட்டில் சரியாகக் கலக்காமல் விட்ட குறை என்று கருதப்பட்ட வெள்ளைக் கட்டிகள் உண்மையில் விரிசலை அடைக்கும் சுண்ணாம்புச் சேமிப்பு என்று காட்டினார்கள். விரிசல் விட்ட மாதிரியில் தண்ணீரை ஓடவிட்டபோது இரண்டு வாரத்தில் ஒழுக்கு நின்றது. மாயர் ஆய்வு தொடங்கியது கொத்தனார்கள் காட்டிய மரப்பட்டையிலிருந்து என்பதை நம் பொறியாளர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

சுண்ணாம்பு சுவரை மட்டும் காப்பதில்லை. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு ஓவியம் இருப்பதைக் கண்டார். சோழர் ஓவியம். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சை ஆராய்ந்தார். கருங்கல்மேல் சொரசொரப்பான ஓர் அடுக்கு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு அடுக்கு. அது ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. பசை எதுவும் தேவைப்படவில்லை. சுண்ணாம்பு காற்றை உறிஞ்சிக் கல்லாகும்போது மேற்பரப்பில் உருவாகும் கண்ணாடி போன்ற கார்பனேட் படலம் காவிக்கல் சிவப்பையும் மஞ்சளையும் பச்சை மண்ணையும் தனக்குள் பூட்டிக்கொண்டது. ஈரம் காய்வதற்குள் கோட்டைப் போட்டு முடிக்க வேண்டும், அழித்துத் திருத்த வழியில்லை. சுந்தரர் வெள்ளை யானைமேல் போகும் காட்சியில் அந்தக் கோடுகளின் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தை என்ன செய்வது? கீழே உள்ளது மூத்தது என்பதற்காக மேலே உள்ளதைச் சுரண்டி எறிவதா? எல்லாக் காலத்தின் பங்களிப்பும் மதிக்கப்பட வேண்டும் என்பது 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் கொள்கைகளில் ஒன்று. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு, நாயக்கர் ஓவியங்கள் பலவற்றைப் பூச்சோடு படலமாகப் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தியது. இரண்டு காலமும் பிழைத்தன. சுவரோடு பிறந்த ஓவியம் பலகைக்கு மாறுவது ஓர் இழப்புதான் என்றாலும், அந்த இடத்தில் இதைவிட நியாயமான முடிவு எனக்குத் தெரியவில்லை.

சென்னையிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1768-ல் ஆற்காட்டு நவாபுக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. கூரை இடிந்து விழுந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று விடாமல், பொதுப்பணித்துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய வழியிலேயே மீட்டெடுத்தது. இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. மரபு வேலை அரசு விதிகளுக்குள் நடக்காது என்பவர்கள் அந்தக் கட்டடத்தை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

ஆனால் பெரும்பாலான வேலைகள் அப்படி நடப்பதில்லை. கோயில்களில் குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் திருப்பணியை அவசரமாக முடிக்கும் பழக்கம் சுண்ணாம்புக்கு எதிரி. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்யும் வாரத்திலேயே சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டால், மற்ற வேலைகள் முடிந்து பூச்சுக்கு வரும்போது அது பதமாக இருக்கும். இதற்குத் தனியாகச் செலவு எதுவும் கிடையாது. அடுத்து, ஒப்பந்த ஆவணங்களைத் திருத்த வேண்டும். சிமெண்டுக்காக வகுத்த 28 நாள் வலிமைச் சோதனையைச் சுண்ணாம்புச் சாந்துக்கு வைத்தால் அது தோற்கத்தான் செய்யும், அப்போதுதானே அது கல்லாகத் தொடங்கியிருக்கும்? 90 நாளும் அதற்கு மேலும் பொறுத்து அளக்க வேண்டும். வலிமைக்குக் கீழ்வரம்பு வைப்பதுபோல, சுவரின் செங்கல்லை அளந்து மேல்வரம்பும் வைக்க வேண்டும். ஆவி எவ்வளவு கடக்கிறது, கரையும் உப்பு எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் கட்டாயச் சோதனையாக்க வேண்டும். செக்கில் அரைக்கவும் மணியாசுக் கட்டை பிடித்து மெருகேற்றவும் தெரிந்த கொத்தனாருக்கு, சிமெண்ட் பூசுகிறவருக்குத் தரும் அதே சதுர அடிக் கூலியை எழுதி வைத்தால், அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவர் மகன் வரமாட்டான். விலைப்பட்டியலில் அதற்கென்று தனி வரி வேண்டும்.